முதல் பரிந்துரை

"நான் எழுதுன ரிப்போர்ட்டை எனக்குக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கம்மா."

பஸ் திருவானைக்காவல் தாண்டும்போது முன் சீட்டிலிருந்து காதில் விழுந்தது. வெள்ளைக் கோலை மடித்து மடியில் வைத்திருந்தவர், பக்கத்துப் பெண்ணிடம் போனை நீட்டினார்.

"நீங்க எழுதினதுதானே சார்?"

"ஆமாம்மா. கண்ணு தெரியாதவங்களும் கவர்மெண்ட் வெப்சைட்டைப் பயன்படுத்தணும்னா என்ன செய்யணும்னு கேட்டாங்க, எழுதிக் குடுத்தேன். அதை பிரிண்ட் எடுத்து, சீல் வச்சு, ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க. போன் வாசிக்க மாட்டேங்குது. எதையாவது மாத்திட்டாங்களான்னு தெரியணும்."

அந்தப் பெண் திரையைப் பெரிதாக்கினாள்.

"ஒன்று. எந்த ஆவணத்தையும் ஸ்கேன் செய்து படமாகப் பதிவேற்றக் கூடாது."

"அதை மாத்தலையா?"

"இல்ல சார். பக்கத்துல பச்சை இங்க்ல 'ஏற்கப்பட்டது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."