கும்பமா, மகரமா

இல்லைங்க ஐயா, ரெண்டு நேரமும் நான் சொன்னதுதான். கல்யாணத் தரகர்கிட்ட காலையில ஆறு மணின்னேன், அப்புறம் போன்ல உங்ககிட்ட சாயங்காலம்னுட்டேன். வாய் குளறிடுச்சு. கதவை மட்டும் கொஞ்சம் சாத்திடட்டுமா? பொண்ணு வண்டியை நிறுத்த இடம் தேடுறா, இப்ப வந்துடுவா.

நேரமே இல்லாம ஜாதகம் போட முடியாதா? அவ போன்ல பாக்குறாளே! பொறந்த தேதியைப் போட்டா போதும், நீ கும்பம்னு பட்டுனு சொல்லிடுது. ஆமாங்க, அது வெளிநாட்டு முறைதான், ஒத்துக்கிறேன். பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாள்லருந்து அவங்க மேஷத்தை எண்ணுறாங்க, நாம நட்சத்திரத்தை வச்சு எண்ணுறோம். நடுவுல இருபத்துநாலு டிகிரி இடிக்குது. அதனால அங்க கும்பத்துக்குப் போயிட்ட சூரியன் இங்க இன்னும் மகரத்துலயே உக்காந்திருக்காரு. நீங்க சொன்னதுதானே! சரி, மகரம்னே எழுதிக்குங்க. நான் என்ன சண்டைக்கா வந்தேன்?

அதுவும் ஆகாதா? ராசின்னா நமக்குச் சந்திரன்தான், தெரியுங்க. அவரு பாத்து அன்னிக்கு மத்தியானமா வீடு மாறித் தொலைக்கணும்? காலையிலன்னா மேஷம், சாயங்காலம்னா ரிஷபம். மாப்பிள்ளைப் பையனுக்கு எது பொருந்துதோ அதைப் போடுங்களேன். லக்னமா? அது ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறுமா? என் தலையெழுத்து.

கோவிச்சுக்காதீங்க. பொய் ஜாதகம் எழுத மாட்டீங்கன்னு தெரியும். பெத்தவளுக்கு நேரம் மறக்குமான்னு கேட்டீங்க பாருங்க, அதை அவ வந்ததும் கேட்டுடாதீங்க. நான் போன்ல பேசுறப்ப அவ பக்கத்துலதான் நின்னா. ஏம்மா ஆளுக்கொரு நேரம் சொல்றேன்னு இதையேதான் கேட்டா. கரண்டு இல்ல, கடிகாரம் நின்னுபோச்சுன்னு என்னத்தையோ உளறினேன். எப்பவும் கெக்கெக்கேன்னு சிரிக்கிறவ, சிரிக்கவே இல்ல. என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தா. எனக்குப் பயமா இருக்குங்க.

ஆஸ்பத்திரியிலயா? எந்த ஆஸ்பத்திரியில போய்க் கேக்கட்டும்?

வண்டி நிக்கிற சத்தம் கேக்குது, வந்துட்டா. மெதுவாப் பேசுங்க. அவ என் கைக்கு வர்றப்பவே தொப்புள்கொடி காஞ்சு உதிர்ற மாதிரி இருந்துச்சுங்க. அதைப் பாத்து நாங்களா குத்துமதிப்பா ஒரு தேதி வச்சோம். நேரம் ஒண்ணு வைக்கணும்னு அப்ப தோணல.

வா கண்ணு, இப்படி வந்து உக்காரு. நீ பொறந்த நேரத்தைத்தான் ஐயாகிட்ட சொல்லிட்டிருந்தேன்.