யார் கையில் சீட்டு

— செருப்பை வெளியே விடாதீங்க டீச்சர். உள்ள எடுத்துட்டு வந்துடுங்க. எதிர் வீட்டுக்காரி ஜன்னலை விட்டு நகரவே மாட்டா.

— அவ்வளவு தூரம் போயிடுச்சாம்மா?

— நீங்க வந்துட்டுப் போனது தெரிஞ்சா எங்களையும் சேர்த்து ஒதுக்கிடுவாங்க. உக்காருங்க, மெதுவாப் பேசுங்க. எம் பொண்ணு இந்த ரூம்லதான் இருக்கா. நேத்துலேர்ந்து தாழ்ப்பாளைத் திறக்கல. வாசல்ல தட்டை வெச்சா எடுத்துக்கறா, அவ்வளவுதான்.

— அவளைப் பாக்கத்தான் வந்தேன். நாளைக்குக் காலையில ஸ்கூல் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டிருக்கு. பிள்ளைங்களுக்குச் சூனியம் சொல்லிக் குடுத்தேன்னு புகாராம். வேலை போயிடும்மா. அது வெறும் விளையாட்டுதான்னு கிளாஸ்ல ஒரே ஒரு பிள்ளை வந்து சொன்னாப் போதும்.

— அதுக்கு எம் பொண்ணுதான் கிடைச்சாளா?

— மத்த வீட்டுலயெல்லாம் கதவே திறக்கலை.

— நான் தெரியாமத்தான் கேக்கறேன், படிக்கிற பிள்ளைங்ககிட்ட சூனியக்காரி கதையை எதுக்கு எடுத்தீங்க? ஊர்ல வேற கதையா இல்ல?

— நானா எடுக்கலம்மா, பாடத்துல இருக்கற பழைய நாடகம். ஒரு ஊர்ல நாலஞ்சு பொண்ணுங்க, இவ சூனியக்காரி அவ சூனியக்காரின்னு கை காட்டுவாங்க. ஊரே நம்பிடும். ஆமான்னு ஒத்துக்கிட்டு இன்னொருத்தர் பேரைச் சொன்னா உயிர் தப்பும். இல்லைன்னு நின்னா தூக்கு. இதையெல்லாம் யார் மிஸ் நம்புவாங்கன்னு பிள்ளைங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு என்னை உறுத்துச்சு.

— அதுக்கு?

— ஆளுக்கொரு சீட்டு மடிச்சுக் குடுத்தேன். யாரோ ஒருத்தர் சீட்டுல மட்டும் புள்ளி இருக்கு, அவங்கதான் சூனியக்காரி, அவங்களை விட்டுட்டுக் குழுவாச் சேருங்கன்னேன். சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது. உண்மையில எந்தச் சீட்டுலயும் புள்ளி கிடையாது. அதுதான் பாடமே.

— அதை அப்பவே சொல்லித் தொலைக்கறதுதானே?

— பெல் அடிச்சுடுச்சு. வெள்ளிக்கிழமை வேற. லீவுல மண்டையைக் குடைஞ்சுட்டு வரட்டும், திங்கக்கிழமை சொன்னா நல்லாப் பதியும்னு நினைச்சேன். புத்தி கெட்டுப் போய் நினைச்சேன்.

— அந்த லீவுல என்ன நடந்துச்சு தெரியுமா? ராத்திரி பகலா போன்லயே பேசி, இவதான்னு முடிவு கட்டிட்டாங்க. ஏன்னா இவ யார்கிட்டயும் வாயே திறக்கலையாம். திங்கக்கிழமை ஸ்கூல் பஸ்ல பக்கத்துல ஒருத்தியும் உக்காரல. இவ குடிச்ச பாட்டில்னு தூக்கிக் குப்பையில போட்டிருக்காளுங்க.

— அன்னிக்கு கிளாஸுக்குப் போனதும் மொத வேலையா உண்மையைச் சொன்னேன்மா. ஒருத்தரும் நம்பல. அவளே ஒத்துக்கிட்டா மிஸ், நீங்க அவளைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்கன்னு என்னையே மடக்கினாங்க. ஏன் ஒத்துக்கிட்டான்னுதான் எனக்குப் புரியவே இல்ல.

— நீங்களே கேளுங்க. குட்டிமா, மிஸ் வந்திருக்காங்கடா. திறக்க வேண்டாம், பதில் மட்டும் சொல்லு.

— எல்லாம் கேட்டுச்சும்மா.

— கண்ணு, உன் சீட்டுல என்ன இருந்துச்சு?

— ஒண்ணும் இல்ல மிஸ்.

— அப்புறம் ஏன்டா பஸ்ல ஆமான்னு சொன்னே?

— ஒத்துக்கிட்டா விட்டுடறோம்னு கிளாஸ் லீடர் சொன்னா. இல்லைன்னு சொல்லிட்டிருந்த வரைக்கும் யாரும் எங்கூடப் பேசல மிஸ். ஆமான்னதும் எல்லாரும் சுத்தி வந்து உக்காந்தாங்க. பாவம்டின்னு ஒருத்தி தலையைக்கூடத் தடவிக் குடுத்தா.

— அப்புறம்?

— யாரு உனக்குக் கத்துக் குடுத்ததுன்னு கேட்டாங்க. ஸ்கூல் வர்றதுக்குள்ள சொல்லிடணும்னாங்க.

— சொன்னியா?

— உங்களைச் சொன்னேன் மிஸ்.

— ஓ. புகார் அங்கேர்ந்துதான் வந்துச்சா.

— நான் என்ன பண்ணட்டும் டீச்சர்? மறுநாள் பெத்தவங்க கூட்டத்துல எல்லாரும் எம் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாங்க. டீச்சர்தான் காரணம்னு நானே மொதல்ல எழுந்து சொன்னேன். சூனியத்துலயெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல. எம் பொண்ணை விட்டுட்டாப் போதும்னுதான் சொன்னேன்.

— நம்பாமலே சொன்னீங்களாம்மா?

— அங்க யாருக்குத்தான் நம்பிக்கை இருந்துச்சு?

— சரி. நடந்தது நடந்துடுச்சு. கண்ணு, உன் மேல எனக்குக் கோவம் இல்ல. பயமாத்தான் இருக்கு, மறைக்கல. நாளைக்கு எங்கூட வருவியா? சீட்டுல ஒண்ணும் இல்ல, மிஸ் எதுவும் கத்துக் குடுக்கலைன்னு சொல்லணும், அவ்வளவுதான்.

— வரேன் மிஸ்.

— வரியா? அம்மா, நீங்க அனுப்புவீங்களா?

— தாழ்ப்பாளைத் திறக்கறா டீச்சர். இதுக்கப்புறம் நான் என்னத்தைத் தடுக்கறது?

— வா கண்ணு. ஐயோ, எப்படி வாடிப் போயிட்டே. எதுக்கும் பயப்படாதே, நான் உன் பக்கத்துலயேதான் நிப்பேன்.

— பயமெல்லாம் போயிடுச்சு மிஸ். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக் குடுங்க. கத்துக் குடுத்தது நீங்க இல்லைன்னு நான் சொன்னா, அப்போ வேற யாருன்னு கேப்பாங்கல்ல. யார் பேரைச் சொல்லட்டும்?