தீனி ஊதலுக்கு ஓடிய குதிரைகள்

மேடையில் வீற்றிருக்கும் குதிரைப்படைச் சங்கத் தலைவர், முன்னாள் கேப்டன் அவர்களே! முன்வரிசையில் பதக்கங்களோடு அமர்ந்திருக்கும் ஆறு தோழர்களே! மறைந்த கொம்பூதி அய்யாவின் மகளே! நாற்காலி கிடைக்காமல் நிற்பவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

சங்கம் என்னை அழைக்கவில்லை. "எங்கப்பா கடைசியா கேட்டது இவரைத்தான். இவர் பேசாம கூட்டம் நடக்காது" என்று மகள் வாசலை மறித்து நின்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் தலைவர் எனக்கு மூன்று நிமிடம் தந்திருக்கிறார். இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். நான் ஐம்பத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நாலு பேரும் மறைந்தவரை மாவீரர் என்றார்கள். ஆற்றங்கரைப் பாய்ச்சலுக்குக் கொம்பூதிய மாவீரர்! மாவீரரா? அவரோடு ஒரே லாயத்தில் இரண்டு வருஷம் குதிரைச் சாணி அள்ளியவன் சொல்கிறேன், கேளுங்கள். கொம்பூதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. குதிரைகளைத் தீனிக்குக் கூப்பிடும் தீனி ஊதல் ஊதினாரென்றால், நொண்டிப் படுத்திருக்கும் கிழட்டுக் குதிரையும் துள்ளி எழும். அது உண்மை. மற்றதெல்லாம் இதோ, இந்தச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் போலத்தான். கண்ணில் பொறி பறக்க நாற்பது குதிரைகள் பாய்கின்றன! அது என்ன பொறி தெரியுமா? பசி! இரண்டு நாள் பட்டினி!

அன்று விடியற்காலை என்ன நடந்தது? மூன்று மாதம் நாங்கள் தங்கியிருந்த முகாமை இரண்டு நாள் முன்புதான் எதிரி பிடித்திருந்தான். குதிரைகளின் தீனித் தொட்டிகள் எல்லாம் அங்கே. நாங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம். இதே தலைவர்தான் அன்று எங்கள் கேப்டன்; அவருக்குப் பக்கத்தில் நின்றவன் நான். "இதுக்கு மேல தாங்காது. பின்வாங்கலாம், திரும்பல் ஊதுடா" என்று அவர் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். நம் கொம்பூதி, தூக்கமில்லாத கண்ணோடு, கொம்பை வாயில் வைத்து ஊதினார். ஊதியது எது? தீனி ஊதல்!

குதிரைகள் சும்மா நிற்குமா? தொட்டி இருக்கும் திசைக்கு ஓடின. ஆற்றில் இறங்கி, துப்பாக்கிகளுக்கு நேராக ஓடின. மேலே இருந்தவர்கள் கத்தியது பயத்தில். அதைப் போர் முழக்கம் என்று நினைத்து எதிரி மிரண்டு ஓடினான். முகாம் கிடைத்தது. நம்மவர்கள் ஒன்பது பேர் செத்தார்கள்.

என் குதிரையை மட்டும் நான் அடக்கிவிட்டேன். அதன் வாய் கிழிந்து ரத்தம் வந்தது, கடிவாளத்தை விடவில்லை. திரும்பு என்பதுதானே உத்தரவு? நாற்பத்தொரு பேரில் உத்தரவை மதித்தவன் ஒருத்தன். பாயச் சொன்னதே தான்தான் என்று கேப்டன் அறிக்கை எழுதிவிட்டார். உத்தரவை மதித்தவனுக்கு விசாரணை, வேலை நீக்கம், கோழைப் பட்டம்! படைப்பிரிவின் பெயர்ப் பலகையில் என் பெயரை உளி வைத்துச் செதுக்கி எடுத்தார்கள். என் மகன் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. 'திரும்பினவன் மகன்' என்று கேட்டால் வீடு காட்டுவார்கள். கேப்டனுக்குப் பதக்கம். கொம்பூதிக்குப் பதக்கம். இந்த ஆறு பேருக்கும் பதக்கம். தோழர்களே, உங்களில் தீனி ஊதல் எதுவென்று தெரியாதவர் யார்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்! ஏன் தரையைப் பார்க்கிறீர்கள்?

கொம்பூதியை நான் மன்னிக்கவில்லை. மகள் முன்னாலேயே சொல்கிறேன். ஐம்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு பதக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். இரண்டு வருஷம் முன்பு மழையில் நனைந்துகொண்டு என் சைக்கிள் கடைக்கு வந்தார். "டேய், நான்தாண்டா தப்பா ஊதிட்டேன்" என்றார். "தெரியும், போ" என்றேன். போகவில்லை. காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "உன் பேரைப் பலகையில ஏத்தாம சாகமாட்டேன்" என்றார். அந்தச் சொல்லையும் காப்பாற்றவில்லை, செத்துவிட்டார். ஆனால் இந்தச் சங்கத்துக்குப் பதினோரு கடிதம் எழுதினார். நடந்ததை நடந்தபடி எழுதினார். தலைவர் என்ன பதில் போட்டார்? 'வயதாகிவிட்டது, ஞாபகம் தடுமாறுகிறது' என்று! யாருக்கு ஞாபகம் தடுமாறுகிறது, கேப்டன்?

மைக்கை அணைக்காதீர்கள், தம்பி. முடித்துவிடுகிறேன்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி எடுத்தீர்கள். நானும் எடுக்கிறேன். மகள் அவருடைய கொம்பை என்னிடம் தந்துவிட்டாள். எழுபத்தைந்து வயதில் ஊதப் பழகுகிறேன். சத்தத்தைவிட எச்சில்தான் அதிகம் வருகிறது, அக்கம்பக்கத்தார் திட்டித் தீர்க்கிறார்கள். பரவாயில்லை, எனக்கு ஒரே ஒரு ஊதல் வந்தால் போதும். அடுத்த வெற்றி நாள் விழாவில், கேப்டன் அவர்களே, பாய்ச்சலைப் பற்றிப் பேச நீங்கள் எழுந்ததும் நான் தீனி ஊதல் ஊதுவேன். அதற்கடுத்த வருஷமும் ஊதுவேன். என் பெயர் பலகைக்குத் திரும்பும்வரை, அல்லது நம் இருவரில் ஒருவர் கண்ணை மூடும்வரை, உங்களை ஒரு வாக்கியம்கூட நிம்மதியாக முடிக்க விடமாட்டேன். இது கொம்பூதி மேல் ஆணை!