நூரியாவின் வலது கால்

விழுப்புரத்துக்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பெண்கள் கூடைப்பந்தில் வருஷாவருஷம் எங்கள் திண்டிவனத்துப் பிள்ளைகளைத் துவைத்து எடுத்துவிட்டு, பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்து டாட்டா காட்டுவார்கள். அந்த டாட்டாதான் எனக்கு ஆகாது.

நூரியாவின் விளையாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுத வேண்டும் என்று சென்னையிலிருந்து வந்திருக்கிறீர்கள். நல்லது, சொல்கிறேன். குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள், உள்ளறையில் தூங்குகிறாள்.

ஸ்பெயினில் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆடியவள். இரண்டாம் நிலை அணிகளிலேயே ஊர் ஊராக மாறி, முதல் நிலையில் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்தே முப்பதைத் தாண்டிவிட்டாள். சீசன் முடிந்து ஓய்வுக்காக இங்கே இரும்பை கிராமத்துப் பக்கம் வந்து தங்கியவள், ஸ்கூட்டரில் ஊர் சுற்றும்போது எங்கள் கோர்ட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். நான் இருதயமேரி, ரிட்டயர்டு பி.டி. டீச்சர். கல்யாணம் காட்சி என்று எதுவும் கிடையாது. சாயங்காலமானால் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பேன். அவள் பயிற்சியைக் கையில் எடுத்த பிறகு நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா நின்றேன். பிள்ளைகள் அப்படி ஆடினார்கள். அவர்களோடு பேசிப் பேசியே அவளுக்குத் தமிழும் வந்துவிட்டது.

அப்புறம் முதல் நிலை அணி ஒன்று கூப்பிட்டுவிட்டது. ஒரு மாதத்தில் போய்ச் சேர வேண்டும். நூரியா கோர்ட் நடுவிலேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள். எங்கள் கேப்டன் மெர்லினும் அழுதாள், அது வேறு அழுகை.

"அக்கா போயிட்டா இந்த வருசமும் பைனல்ல வாயப் பாத்துக்கினு நிக்க வேண்டியதுதான் மிஸ்."

அதே வாரம் நூரியா கால் பிசகி விழுந்தாள். அது என் வேலை இல்லை. எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை, இரண்டு வாரத்தில் ஓடலாம் என்றார் டாக்டர். தனியாகக் கஷ்டப்படுவாளே என்று என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது என்று சொல்லி, உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினேன். ஒரு மாத்திரைக்கு ஆயிரம் கேள்வி கேட்கிறவள், மூங்கில் பத்தைக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை.

பிள்ளைகள் அவள் கால் குணமாக வேண்டி மாதா கோயிலில் மெழுகுக் கால் வாங்கி வைத்தார்கள். நானும் ஒன்று வாங்கினேன். மற்ற கால்களெல்லாம் நின்றுகொண்டிருந்தன. என்னுடையதை மட்டும் கவிழ்த்துப் படுக்கவைத்தேன், மாதா குறிப்பறிந்து கொள்வாள் என்று. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்ததுதான் மிச்சம். மாதாவுக்கும் எவ்வளவோ வேலை. அதனால் நானே கொஞ்சம் கைகொடுத்தேன்.

கட்டு மாற்றும்போதெல்லாம் கணுக்காலுக்கு ஒரு திருப்பு. பெரிதாக ஒன்றுமில்லை, ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திறக்கிற அளவுதான். கோர்ட்டில் என்னை மிஸ் என்று கூப்பிட்டவள், இந்த வீட்டுக்கு வந்த பிறகு அம்மா என்றாள்.

"வலிக்குதும்மா."

"வலிச்சாத்தான் கண்ணு நரம்பு வழிக்கு வருதுன்னு அர்த்தம். பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். அவ்வளவு தங்கமான பெண்.

அந்த அணி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. சேதி வந்த அன்று என் மடியில் தலைவைத்து அழுதாள். நானும் அழுதேன், பொய் அழுகை இல்லை. பிறகு கோர்ட் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளைத் தயார் செய்தாள். பைனலில் விழுப்புரத்தைத் தோற்கடித்தோம். மெர்லின் கோப்பையைக் கொண்டுவந்து அவள் மடியில்தான் வைத்தாள்.

ஒரு பெண் ஓடாமல் இருந்ததால் ஓர் ஊரே தலைநிமிர்ந்தது. எல்லாம் இந்த ஊருக்காகச் செய்ததுதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, நூரியா சுவரைப் பிடிக்காமல் சமையலறை வரைக்கும் நடந்து வந்தாள்.

"பாரும்மா, நல்லாயிடுச்சு. நான் ஊருக்குப் போறேன்" என்று சிரித்தாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உட்காரவைத்து, இட்லி கொடுத்து, அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். பைனல் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. இந்த முறை கொஞ்சம் பலமாகவே திருப்பினேன். அப்போது விழுப்புரம் என் நினைவுக்கே வரவில்லை.