வளைவில் நிற்கிறவன்

ஹலோ... அம்மா, நான்தான், தவக்களை... ஆமாம்மா, ரிலேயில அவன்கூட ஓடுறவன்... சாப்பிட்டேன்மா. அவன் இருக்கானா?... தாப்பாள் போட்டுட்டானா? எப்ப வந்தான்?... சரி, சரி. திட்டாதீங்கம்மா, பள்ளிக்கூடத்துல சண்டை ஒண்ணும் இல்ல. ஒண்ணு செய்யுங்களேன். போனைக் கதவுக்கு அடியில உள்ள தள்ளி விட்டுடுங்க... போகும்மா, மெதுவாத் தள்ளுங்க...

டேய்... மொட்டை... நீ எடுத்துட்டேன்னு தெரியும்டா, மூச்சு கேக்குது.

... பேச வேணாம். கேட்டா போதும்.

... இல்லடா, யாரும் சிரிக்கல. சத்தியமா. சார்கூட விசிலை வாயிலேர்ந்து எடுத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. நீ குச்சியைப் புதுசா சேந்த சோடாபுட்டி கையில குடுப்பேன்னு பாத்தா, அவனைத் தாண்டி, வளைவு முழுக்க நீயே ஓடி, என்னையும் தாண்டி, கேட்டையும் தாண்டி வீட்டுக்கே போயிட்டே! ரிலேயை வீடுவரைக்கும் ஓடின ஒரே ஆளு நீதான்டா...

... சரி, சரி. சிரிக்க வேணாம்.

... ஆமா. ஆமா, தெரியும். அது ஒட்டடை நின்ன இடம். உன் கையிலேர்ந்து அவன்தான் வாங்குவான். வேற ஒருத்தன் கையை நீட்டினா... ம். காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவே இல்ல, இன்னியோட முப்பத்தாறு நாள். எனக்கும் கணக்குத் தெரியும்.

... யாரு, நானா? நான் மறந்துட்டேனா? டேய், வாயை மூடு!... இரு, இரு. வைக்காதே. வைக்காதடா. கத்திட்டேன், மன்னிச்சுக்க.

... உனக்குத் தெரியாது. நீ அவன்கிட்டக் குடுத்துட்டு அங்கேயே மூச்சு வாங்கிட்டு நிப்பே. நான் அந்தக் கோடியில தனியா நிப்பேன். வளைவுல முதல்ல அவன் தலைதான் தெரியும், அந்த உயரத்துக்கு. மூச்சு முட்டுதுன்னாலும் பல்லைக் காட்டிட்டேதான் வருவான். இன்னிக்குப் பாத்துக்கிட்டே நின்னேன்... அந்தத் தலை வரல. நீ வந்தே, அழுதுட்டே. என்னைப் பாக்கவே இல்ல.

... ம்.

... அழு. நான் இருக்கேன்.

... ராத்திரி படுக்கும்போது கும்பிடுறேன்ல, முதல்ல ஓடுறவனையும் சேத்து நம்ம நாலு பேர் பேரையும் சொல்லுவேன். இப்பவும் நாலுதான் சொல்றேன். தப்புன்னா கடவுளே திருத்திக்கட்டும்னு விட்டுட்டேன்.

... சோடாபுட்டி என்னடா பாவம் பண்ணான்? சார் நிக்கச் சொன்னாரு, நின்னான். நீ போனப்புறமும் கையை நீட்டின மாதிரியே நின்னான். அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறான், துடைக்கிறான், துடைச்சு முடியவே இல்ல. தண்ணி குடுத்தேன். "நான் விலகிக்கிறேன்"ங்கறான். நமக்கு வலிக்குதுன்னு அவனுக்கும் வலிக்கணுமா, நீயே சொல்லு.

... அதான். ஒட்டடை இருந்தா உன் மண்டையில நங்குனு ஒண்ணு போட்டிருப்பான்... ஆமா, என் மண்டையிலயும்தான்.

கேளு. சார்கிட்டப் பேசிட்டேன். நாளைக்கு வளைவுல மூணாவதா நான் நிக்கிறேன். கடைசி ஓட்டம் சோடாபுட்டி ஓடட்டும்... ஆமாடா, கோட்டைத் தொடப்போறது அவன்தான். போட்டியன்னிக்குக் கைதட்டல், போட்டோ எல்லாம் அவனுக்குத்தான்... ஆசை இல்லாம என்ன? ரெண்டு வருஷமா அந்தக் கோட்டுக்குத்தானே ஓடினேன். போகட்டும். உன்கிட்டேர்ந்து நான் வாங்கி அவன்கிட்டக் குடுக்கிறேன். அவனும் நம்மள்ல ஒருத்தனா ஆயிடுவான்ல.

... பயமாத்தான்டா இருக்கு. ஒட்டடை அடையாளத்துக்கு வச்ச கல்லு அங்கேயேதான் கிடக்கு. நீ அதைத் தாண்டினதும் அவன் கிளம்புவானே, அதே கல்லு. யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். எனக்கும் அதுவே போதும்.

... காலைல ஆறு மணிக்கு பிராக்டீஸ்... கட்டாயம்னு சொல்லல. நீ வரலைன்னாலும் நான் அங்கதான் நிப்பேன்...

ஹலோ?... இருக்கியா?

... என்ன?... எந்தக் கையா?

... வலது கைடா. பின்னால நீட்டிட்டே ஓடுவேன். திரும்பிப் பாக்க மாட்டேன்.

... சரி. சரிடா... சரி.