சட்டைப்பையில கெடந்த காயிதம்

டெஸ்டுக்கு டப்பாதானே தந்தாவ? அதைப் போயி என்னத்துக்கு மக்கா துண்டுக்குள்ள ஒளிக்க? இஞ்ச இரி. ஒனக்கு முன்னால இன்னும் நாலு பேரு இருக்கு. டப்பாவுல பேரு பாத்தேன், ஹரிகுமார், இல்லியா? ஓடிரலாம்னுதானே வாசலையே பாக்க? நானும் இதே பெஞ்சுல இருந்தவந்தான்.

எனக்க பேரு தாணுமாலயன். பூதப்பாண்டிப் பக்கம் செங்கச்சூளையில தீ போடுத வேலை, பதினாறு வருசம். வெறகு கிட்டாம ஆனப்பொறவு மொதலாளி முந்திரி அண்டித்தோடும் பழைய டயரும் கொண்டு எறக்கினாரு. அந்தப் புகை இருக்கே, சவம், எத்தனை குளிச்சாலும் போவாது. காறித் துப்புனா கறுப்பா வரும். ஆம்பளையை அது என்ன செய்யும்னு ஒரு திமிரு.

பிள்ளை இல்லன்னதும் ஆசுபத்திரிக்கு யாரை அனுப்பினோம்? எனக்க வீட்டுக்காரி அழகியநாயகியைத்தான். பத்து படிச்சவ. ஸ்கேன், ஊசி, மருந்து, ஞாயித்துக்கிழமை தோறும் நாகராஜா கோயில்ல பாலு. பதினோரு வருசம். அவகிட்ட கொறை இல்ல, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வான்னு டாக்டரம்மா சொல்லி விட்டாவ. நான் போவல்ல. கடைசில அவளுக்குத் தெரியாம ஒருநாளு வந்தேன்.

என்ன சொன்னாவளா? விந்தணு எண்ணிக்கை ரொம்பக் கொறவு, இருக்கதுக்கும் ஓட்டமில்லன்னாவ. என்ன வேலைன்னு கேட்டாவ. சூடும் புகையும் காரணமா இருக்கலாம், நாலு மாசம் சூளையை விட்டு மாறி நில்லும், பொறவு பாப்போம்னாவ. அம்புட்டுத்தான் மக்கா, ரிப்போர்ட்டை மடிச்சு சட்டைப்பையில வச்சுட்டுப் போனேன். ஆனா வேலையை விட்டா ஊரு ஏன்னு கேக்குமே.

மறுநாளு எனக்க தங்கச்சி சிவப்ரியா பிள்ளைக்கு இருபத்தெட்டுக்கெட்டு. அரையில கறுப்புக் கயிறு கெட்டுத சடங்கு. எல்லாரும் பிள்ளையை மாறி மாறி வாங்கினாவ. இவளும் கைய நீட்டினா. பெறாதவ கை வேண்டாம்னுட்டா தங்கச்சி. எல்லாரும் என்னைப் பாக்காவ. நான் சொன்னேன், நானும் டெஸ்ட் எடுத்தாச்சு, எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு. அந்த நாக்கு அழுகிப் போயிருக்கப்படாதா?

அவளா? ஒரு பார்வை பாத்தா. பொறவு அடுக்களைக்குப் போயி தேங்கா திருவ இருந்துட்டா.

அந்த ரிப்போர்ட்டை சூளைத்தீயில போட்டுரலாம்னு சட்டைப்பையில தேடினேன், காணல்ல. பஸ்ல விழுந்திருக்கும், நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்.

அதுக்குப் பொறவும் ரெண்டு வருசம் மத்தியானச் சோறு சூளைக்குக் கொண்டு வந்தா. இந்த வேலை வேண்டாம், விட்டுரும்னு மட்டும் சொல்லுவா. எதுக்குன்னு சொல்லமாட்டா. நான் எரிஞ்சு விழுவேன்.

ரெண்டு ஆடிக்கு முன்ன மஞ்சக்காமாலை வந்துச்சு. ஒம்பதாம் நாளு போயிட்டா.

அன்னிக்கு சூளையை விட்டவன்தான். இப்பம் ஒரு உரக்கடையில சாமான் எடுத்துக் கொடுக்கேன். போன வாரம் டெஸ்ட் கொடுத்தேன், இன்னைக்கு ரிசல்ட்டு. நல்லா இருக்காம். சிரிக்கியா? சிரி. இந்த வயசுல இது யாருக்குன்னு அந்தக் கவுண்டர்ல இருக்க பிள்ளைக்கும் முகத்துல ஒரு கேள்வி.

லே, ஒன்னைத்தான் விளிக்காவ. எழும்பு. காயிதம் கைக்கு வந்ததும் நேரே பொண்டாட்டி கையில கொடு, கேட்டியா?

இந்த இன்னொரு காயிதமா? இது பழசு. அவளை எடுக்கதுக்கு முன்ன உடுத்தி விட கல்யாணச் சேலையை எடுத்தாவ. மடிப்புக்குள்ள இருந்துச்சு. இருபத்தெட்டுக்கெட்டுக்கு முந்தின சாயந்திரம் எனக்க சட்டையைத் தொவைச்சது அவதான்.