வாங்குறவர், கட்டுறவர்

அவன்: சோபாவை மாத்திட்டாங்க போல.

அவள்: சோபா அதேதான். மேல துணி மட்டும் மாத்தியிருக்காங்க.

அவன்: உனக்கு எப்படித் தெரியும்?

அவள்: காலைப் பாருங்க. ஓரத்துக் கால்ல பித்தளைப் பூண் இல்ல. அன்னிக்கும் இல்ல.

அவன்: அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் உக்காந்த சோபாவோட கால் ஞாபகம் இருக்கா?

அவள்: பல் டாக்டருக்கு எங்க என்ன இல்லையோ அதுதான் முதல்ல கண்ணுல படும்.

அவன்: சரி... அது என்ன "பாருங்க"?

அவள்: எது?

அவன்: எப்ப இருந்து நான் "நீங்க" ஆனேன்?

அவள்: பிரிஞ்சதுல இருந்து. வக்கீல் முன்னாடி மரியாதைக்கு ஆரம்பிச்சது. மூணு வருஷத்துல அதுவே வாய்க்குப் பழகிடுச்சு.

அவன்: எனக்குப் பழகல.

அவள்: உங்களுக்கு எதுதான் நேரத்துக்கு வந்திருக்கு? ஆனா இன்னிக்கு எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கீங்க. உடம்பு ஏதும் சரியில்லையா?

அவன்: சைட்ல இன்னிக்குக் கான்கிரீட் போடல. அதான்.

அவள்: ம்... அத்தை எப்படி இருக்காங்க?

அவன்: முட்டி வலி. மத்தபடி நல்லா இருக்காங்க. நீ இன்னும் அத்தைன்னுதான் சொல்றே.

அவள்: வேற என்னன்னு சொல்றது? உங்கம்மா என்கூடச் சண்டை போடலயே.

அவன்: நான் போட்டேனா?

அவள்: சண்டை போடறதுக்கும் வீட்டுல இருக்கணும். சரி, மேனேஜர் எங்க போயிட்டார்?

அவன்: வாட்ச் இருக்கற லாக்கருக்கு ரெண்டு சாவியாம். இன்னொரு சாவிக்காரர் மாடியில இருந்து இறங்கி வரணும். இங்க எதுக்கெடுத்தாலும் ரெண்டு பேர் வேணும்.

அவள்: அதான் பாருங்களேன். போன்ல எவ்வளவோ கேட்டேன். நான் மட்டும் வந்து வாங்கிக்கக் கூடாதான்னு. முடியவே முடியாதுன்னுட்டார். வாங்குறவரும் கட்டுறவரும் நேர்ல வந்தே ஆகணுமாம்.

அவன்: வரிசைக்குப் பேர் பதிஞ்ச படிவத்துல அப்படித்தானே எழுதினோம். வாங்குறவர் நான், கட்டுறவர் நீ.

அவள்: எல்லாக் கடையிலயும் ஒரு பேர்தான் கேப்பாங்க.

அவன்: வாங்கின கையோட வேற ஆளுக்கு வித்துடறாங்களாம். அதனால கட்டப் போற கையைக் கண்ணால பார்த்துட்டுத்தான் குடுப்பாங்க. கம்பெனியே உரிமை குடுத்த கடை. சும்மாவா?

அவள்: இந்தப் பேச்செல்லாம் அன்னிக்கு நான் பேசினது. நீங்க எதிர்க்கடைக்குப் போலாம் வான்னு கையைப் பிடிச்சு இழுத்தீங்க.

அவன்: எதிர்க்கடையில அதே வாட்ச் இருந்துச்சே. அதே நீல முகம், ஆறுக்கு மேல அதே குட்டித் தேதி. கொஞ்சம் விலை கூட. அரை மணியில கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அவள்: வாரண்டி கார்டுல வேற யார் பேரோ இருந்துச்சு.

அவன்: அதைத்தான் நீ பிடிச்சுக்கிட்டே. "யார் பேரோ எழுதின வாட்ச் எனக்கு எதுக்கு, நம்ம பேர் எழுதின கார்டு வேணும்"னே. அந்தக் கார்டுக்காக அஞ்சு வருஷம்.

அவள்: எட்டு மாசத்துல வந்துடும்னுதான் அன்னிக்குச் சொன்னாங்க.

அவன்: நானும் வீட்டுக்கு எட்டு மணிக்கு வந்துடுவேன்னுதான் சொல்லுவேன்.

அவள்: நீங்களே சொல்லிட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல.

அவன்: சொல்லாமலே கேக்குது.

அவள்: சரி, இப்ப கேளுங்க. நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன். ஒரு வாட்சுக்கு இத்தனை வருஷம் நிக்கறது பைத்தியக்காரத்தனம். முத்திரை குத்தின கார்டை வச்சு என்ன பண்றது? மணி எல்லா வாட்சுலயும் ஒண்ணுதான்.

அவன்: அய்யோ, நான் இப்பத்தான் உன் பக்கம் வந்து சேர்ந்தேன்.

அவள்: என்ன திடீர்னு?

அவன்: எங்க ஆபீஸ் டிராயிங்காரர் வெளிக்கடையில வாங்கினார். இதே கம்பெனி. ஒரே வருஷத்துல முள் நின்னுடுச்சு. கம்பெனிக்குக் கொண்டு போனா, திறந்து பார்த்துட்டு, உள்ள இருக்கற பாதி எங்களோடது இல்லன்னுட்டாங்க. முகம் மட்டும்தான் அசல்.

அவள்: அந்த மாதிரி ஆளுங்க தினம் பத்துப் பேர் என் நாற்காலியில வந்து வாயைத் திறக்கறாங்க.

அவன்: சிரிக்காதே. அவர் பாவம். இங்க வாங்கினா அந்தக் கவலை இல்ல. எது ஆனாலும் இவங்க பொறுப்பு.

அவள்: காக்க வைக்கறதுக்கும் இவங்கதான் பொறுப்பு. அதை மட்டும் பெருமையாச் சொல்றீங்க. ஒருத்தி ரெண்டு வருஷம், தினம் மேசையில ரெண்டு தட்டை வச்சுட்டு உக்காந்திருந்தா, அதுக்கு எந்தக் கம்பெனியும் கார்டு குடுக்கறதில்ல. சாரி. இங்க வந்து அதைப் பேசியிருக்கக் கூடாது.

அவன்: பரவாயில்ல. பேசு.

அவள்: வேண்டாம். விடுங்க.

அவன்: நான் இப்பல்லாம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடறேன்.

அவள்: யாருக்காக?

அவன்: யாருக்காகவும் இல்ல. சும்மா. ஆறு மணிக்கு வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுல்ல... ஒரே அமைதியா இருக்கு. பிரிட்ஜ் சத்தம் மட்டும் கேக்குது.

அவள்: அந்த பிரிட்ஜ் கத்தும். ரிப்பேருக்குச் சொல்லுங்கன்னு நான் எத்தனை தடவை...

அவன்: கத்தட்டும்னு விட்டுட்டேன்.

அவள்: ... எதிர்க்கடையில நல்ல கூட்டம் பாருங்க. போறாங்க, பத்து நிமிஷத்துல பையோட வர்றாங்க.

அவன்: அங்க வாங்கியிருந்தா இன்னிக்கு நாம இங்க உக்காந்திருக்க மாட்டோம்.

அவள்: அது லாபமா நஷ்டமா?

அவன்: நீ சொல்லு.

அவள்: நீங்கதான பேச்சை எடுத்தீங்க... ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வக்கீல் ஆபீஸ்ல உக்காந்து சாமானையெல்லாம் ரெண்டாப் பிரிச்சு எழுதினோமே. கெட்டில் வரைக்கும். துணி காயப்போடற கிளிப்பு வரைக்கும். இந்த வாட்ச் பதிவை மட்டும் ஏன் எழுதல?

அவன்: மறந்துட்டேன். நீ?

அவள்: நானும்தான்.

அவன்: நம்ம ரெண்டு பேர் பேரும் சேர்ந்து இருக்கற காகிதம்னா இப்ப இது ஒண்ணுதான்.

அவள்: இன்னிக்கு அதுவும் முடிஞ்சுடும்.

அவன்: ஆமா... முடிஞ்சுடும். ஆனா நம்ம பேர் எப்படி இத்தனை நாள் தங்கிச்சு? ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வருஷா வருஷம் வந்து கையெழுத்துப் போடணும், இல்லேன்னா வரிசையில இருந்து எடுத்துடுவோம்னாங்களே.

அவள்: நானும் அதைத்தான் யோசிச்சேன். நீங்க வந்து போட்டீங்களா?

அவன்: நானா? எனக்கு எங்க நேரம்? நீ?

அவள்: கிளினிக்கை விட்டுட்டு நான் எங்க வர்றது?

அவன்: அப்ப இவங்களே எடுக்காம விட்டிருப்பாங்க. கம்பெனிக் கடை, எல்லாம் ஒழுங்கா இருக்கும்.

அவள்: ஒழுங்கா இருந்தா எடுத்திருக்கணுமே.

அவன்: ... ஆமால்ல.

அவள்: அதோ வர்றார். மூக்குக்கண்ணாடி போட்டதுக்கு அப்புறம் ஆள் நடையே மாறிப் போச்சு.

அவன்: ஆமா, முன்னாடியெல்லாம் அந்தப் படிக்கட்டுல தடவித் தடவி இறங்குவார்.

மேனேஜர்: ரொம்ப காக்க வச்சுட்டேன், மன்னிக்கணும்.

அவள்: பழகினதுதான்.

மேனேஜர்: இதோ, உங்க வாட்ச். டாக்டர், இடது கையைக் குடுங்க. அன்னிக்கு எழுதின அளவு இங்க இருக்கு... ம். கை மெலிஞ்சிருக்கு. சங்கிலியில இன்னும் ரெண்டு கண்ணி கழட்டணும்.

அவன்: ரெண்டா?

அவள்: ஒண்ணு போதும்.

மேனேஜர்: ஒண்ணு கழட்டினா முழங்கை வரைக்கும் ஓடும், டாக்டர்.

அவன்: நீ சாப்பிடறியா இல்லையா?

அவள்: ஒரு தட்டுன்னா சமைக்கறதும் ஏனோதானோன்னு ஆயிடுது. உங்க பாக்கெட்டுல என்ன, பட்டனெல்லாம் வச்சுத் தச்சிருக்கு?

அவன்: குனிஞ்சா போன் விழுந்துடுது. அதான்.

அவள்: போன் பேண்ட் பாக்கெட்டுலதான இருக்கு.

மேனேஜர்: ஆச்சு, கட்டிட்டேன். சார், நீங்க இப்படி வாங்க. முகத்து மேல ஒட்டியிருக்கற பிளாஸ்டிக்கை வாங்குறவர்தான் உரிக்கணும். கட்டுறவர் கையில இருக்கும்போதே. இங்க அதான் முறை.

அவன்: நானா... சரி. கையைக் கொஞ்சம் திருப்பு.

அவள்: நகமே வெட்டறதில்லையா?

அவன்: வெட்டியிருந்தா இதை எப்படி உரிக்கறது? இரு... ஒரு ஓரம் வந்துடுச்சு.

அவள்: உரிக்கறதுக்கு இவ்வளவு நேரமா?

அவன்: கீறல் விழுந்துடும்.

அவள்: நகத்தால கண்ணாடியில கீறல் விழாது.

அவன்: அசையாதே.

அவள்: நான் அசையல.

அவன்: ... வந்துடுச்சு.

அவள்: ம்.

அவன்: நல்லா இருக்கு.

அவள்: ஓடுதா?

மேனேஜர்: ஓடுது டாக்டர். கை அசையறதுதான் அதுக்குச் சாவி குடுக்கற மாதிரி. கழட்டி வச்சீங்கன்னா ரெண்டு நாள்ல நின்னுடும்.

அவள்: எனக்கு வாரத்துல ஆறு நாள் கையுறை. கட்ட முடியாது. ஆறு நாளும் நின்னேதான் கிடக்கப் போகுது.

மேனேஜர்: அன்னிக்கும் நீங்க இதையேதான் சொன்னீங்க. சார் ஒரு வழி சொன்னார்.

அவள்: எனக்கு ஞாபகம் இல்ல.

அவன்: எனக்கு இருக்கு. ஆறு நாள் என் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கறேன்னேன். மாடி மாடியா ஏறி இறங்கற ஆட்டத்துல அது நிக்காம ஓடும். ஞாயித்துக்கிழமை எடுத்து உன் கையில கட்டிடறேன்னு.

அவள்: அதுக்குத்தான் இந்தப் பட்டனா?

அவன்: ... போனுக்குன்னு சொன்னேனே.

அவள்: நீ எப்பவும் இப்படித்தான். எல்லாத்தையும் செஞ்சுட்டு வாயைத் திறக்காம...

அவன்: "நீ"ன்னுட்டே.

அவள்: வாய் தவறிடுச்சு.

மேனேஜர்: ரெண்டு பேரும் கீழ ஒரு கையெழுத்து. கார்டுல ரெண்டு பேரையும் எழுதி முத்திரை குத்திடறேன். அதோட உங்க பதிவு முடிஞ்சுது.

அவள்: முடிஞ்சுதுன்னா?

மேனேஜர்: முடிஞ்சுதுதான். இனிமே நீங்க ரெண்டு பேரும் வர வேண்டிய வேலை இல்ல. ரிப்பேர்னாகூட யாராவது ஒருத்தர் வந்தாப் போதும்.

அவன்: இந்தப் பேனா எழுதல.

மேனேஜர்: குடுங்க... நல்லாத்தான எழுதுது, சார்.

அவள்: ஒரு நிமிஷம். இதைக் கொஞ்சம் கழட்டுங்க.

மேனேஜர்: இறுக்குதா?

அவள்: இறுக்கல. எனக்கு இப்ப வேண்டாம். அடுத்து நிக்கறவங்களுக்குக் குடுத்துடுங்க. நாங்க மறுபடியும் வரிசையில நிக்கறோம்.

அவன்: ஆமா, அதான் சரி. அடுத்தது வரட்டும்.

அவள்: உங்களுக்குச் சம்மதமா?

அவன்: அஞ்சு வருஷம் நின்னாச்சு. இன்னும் ரெண்டு வருஷம் போனா என்ன?

அவள்: அதிசயமா இருக்கு. கல்யாணமான நாள்ல இருந்து ஒரு விஷயத்துல கூட நாம ரெண்டு பேரும் ஒத்துப் போனதில்ல.

மேனேஜர்: மன்னிக்கணும். அது முடியாது. ஒரு பதிவுக்கு மூணு தடவைதான் கூப்பிடுவோம். இது மூணாவது. இதையும் விட்டா பேரை அடிச்சுடணும். அதனாலதான் நேர்ல வந்தே ஆகணும்னு ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரச் சொன்னேன்.

அவன்: மூணாவதா? தப்பாச் சொல்றீங்க. ரெண்டாவதுதானே...

அவள்: ரெண்டாவதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

அவன்: மூணாவதுன்னு அவர் சொன்னதும் நீ ஏன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தே?

அவள்: நான் எண்ணல.

அவன்: எண்ணினே. ரெண்டு விரல்ல நின்னுடுச்சு.

மேனேஜர்: ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதுங்கறதும் இங்க ஒரு முறை. இத்தனை வருஷத்துல நான் மீறினதில்ல. இன்னிக்கு ஒரு தடவை மீறிடறேன். இந்தப் பக்கத்தைப் பாருங்க. முதல் வாட்ச் வந்தப்ப கட்டுறவரைக் கூப்பிட்டேன். டாக்டர் ஓடி வந்து, இப்ப வேண்டாம், அவர்கிட்ட சொல்லிடாதீங்கன்னாங்க. ரெண்டாவது வந்தப்ப வாங்குறவரைக் கூப்பிட்டேன். சார் வந்து, வார்த்தை மாறாம அதையே சொன்னார். கையெழுத்து, கடைசி மூணு வருஷத்துக்கு மூணு இருந்தாப் போதும். இங்க ஆறு இருக்கு. டாக்டர் வர்றது வருஷா வருஷம் பதிவு பண்ணின மாசத்தோட முதல் வாரம், சார் கடைசி வாரம். போட்டதும் ரெண்டு பேருமே நேராக் கிளம்பிப் போனதில்ல. கதவு வரைக்கும் போவீங்க, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே திரும்பி நின்னு, வருஷம் தவறாம அதே கேள்வியைத்தான் கேப்பீங்க... "இந்த வருஷம் அவங்க வந்தாங்களா?"